நம்பிக்கையின் மொழி தந்த மருத்துவர்

மொழி மக்களைச் சேர்க்கும் பாலம். சில வேளைகளில் அதுவே மக்களைப் பிரிக்கும் மதிலாகவும் நின்றுவிடுகிறது. அம்மதிலைத் தகர்க்கத் தம் வாழ்நாள் முழுவதையும் அளித்த ஒருவரின் வரலாற்றை ஈண்டுக் காண்போம். அவரே எஸ்பெராண்டோ மொழியை ஆக்கித் தந்த டாக்டர் லுத்விக் ஸாமென்ஹாஃப்.

இவர் 1859 ஆம் ஆண்டு டிசம்பர் 15 ஆம் நாள் பியாலிஸ்டாக் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். இன்று போலந்து நாட்டில் உள்ள அந்நகர், அன்று ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. போலிஷ், ரஷ்யன், ஜெர்மன், இத்திஷ் ஆகிய மொழிகள் அங்கே ஒரே கடைவீதியில் ஒலித்தன. ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்கவில்லை. விளங்காத இடத்தில் ஐயம் பிறந்தது. ஐயம் பகையாக வளர்ந்தது. இந்நோய்க்கு மருந்து எல்லாருக்கும் பொதுவான ஒரு மொழியே என்று அப்பிஞ்சு உள்ளம் எண்ணியது.

தந்தையார் மொழியாசிரியர். 1873 இல் குடும்பம் வார்சா நகருக்குக் குடியேறியது. பள்ளி மாணவனாக இருக்கும்போதே லுத்விக் ஒரு மொழியை உருவாக்கி, 1878 டிசம்பரில் அதன் பிறப்பைத் தோழர்களுடன் கொண்டாடினார். மறு ஆண்டு மருத்துவம் பயில மாஸ்கோ சென்றபோது, தம் குறிப்பேடுகளைத் தந்தையிடம் ஒப்படைத்துச் சென்றார். யாருக்கும் புரியாத மொழியில் எழுதிய தாள்களால் மகனுக்குத் தீங்கு வருமோ என்று அஞ்சிய தந்தை, அவற்றைத் தீயிலிட்டார் என்பர். மகன் மனம் தளரவில்லை. மீண்டும் முதலிலிருந்து எழுதினார். பல முறை திருத்தினார்.

கண் மருத்துவராகிய பின், 1887 ஜூலையில் அவருடைய முதல் நூல் வார்சாவில் வெளிவந்தது. மணப்பெண் கிளாராவின் தந்தை அச்சுச் செலவுக்கு உதவினார். நம்பிக்கை கொண்டவர் எனப் பொருள்படும் எஸ்பெராண்டோ என்பதையே அவர் தம் புனைபெயராகக் கொண்டார். அப்பெயரே பின்னர் மொழிக்கும் நிலைத்தது. இலக்கண விதிகள் பதினாறே! மொழியின்மேல் தமக்கு எவ்வித உரிமையும் வேண்டாம் என்றும் அவர் விட்டுக்கொடுத்தார்.

இம்மொழியின் இயல்பை அறிய, எளிமைக்குப் பெயர்பெற்ற மலாய் மொழியோடு அதனை ஒப்பிட்டுப் பார்ப்போமா?

எஸ்பெராண்டோவில் 'லேர்னி' என்றால் கற்றல்; 'லேர்னேயோ' பள்ளி; 'லேர்னாந்தோ' மாணவர். மலாயிலும் 'அஜார்' என்னும் அடியிலிருந்து மாணவரைக் குறிக்கும் 'பெலாஜார்', பாடத்தைக் குறிக்கும் 'பெலாஜாரான்' ஆகியவை பிறக்கின்றன. எஸ்பெராண்டோவில் காலத்திற்கேற்ப வினையின் ஈறு மாறும். மலாயில் அதுவும் மாறுவதில்லை. 'புக்கு' என்பது புத்தகம். பல புத்தகங்கள் என்று சொல்ல 'புக்கு-புக்கு' என இரட்டித்தால் போதும். ஆயினும் எந்தச் சொல்லுக்கு எந்த ஒட்டு சேரும் என்பதை மலாயில் பழகித்தான் அறிய வேண்டும். எஸ்பெராண்டோவிலோ விதிவிலக்கு என்பதே இல்லை.

பிறப்பில்தான் இவை பெரிதும் வேறுபடுகின்றன. எஸ்பெராண்டோ, பெரும்பாலும் ஐரோப்பிய வேர்ச்சொற்களைக் கொண்டு ஒருவரின் மேசையில் பிறந்தது. மலாயோ துறைமுகங்களில் வணிகரின் நாவில் வளர்ந்தது. சுமத்ராவின் பாலெம்பாங் அருகே கிடைத்த கி.பி. 683 ஆம் ஆண்டுக் கல்வெட்டு அதன் தொன்மைக்குச் சான்று. நம் 'கப்பல்' அங்கே 'காப்பால்' ஆயிற்று. 'கடை' 'கெடாய்' ஆயிற்று. முத்துக்குளித்துறையில் தமிழில் செபங்களைக் கற்பித்த புனித சவேரியார், 1545 இல் மலாக்கா சென்றபோது மலாயில் அவற்றை ஆக்க முற்பட்டார்.

1928 அக்டோபர் 28 அன்று, டச்சு ஆட்சியில் இருந்த தீவுகளின் இளைஞர்கள் தங்கள் ஒற்றுமைக்கு ஒரு மொழியைத் தெரிந்துகொண்டனர். மிகுதியானோர் பேசிய ஜாவா மொழியை அவர்கள் ஏற்கவில்லை; சிறுபான்மையோரின் தாய்மொழியாகிய மலாயையே ஏற்று, இந்தோனேசிய மொழி எனப் பெயரிட்டனர். பெரிய இனம் சிறிய இனத்தின்மேல் தன் மொழியைச் சுமத்தலாகாது என்பதன்றோ ஸாமென்ஹாஃப் கண்ட கனவு! அக்கனவின் ஒரு பகுதி, வேறொரு மொழியின் வாயிலாக அங்கே நிறைவேறியது.

ஸாமென்ஹாஃப் செல்வம் சேர்க்கவில்லை. வார்சாவின் ஏழை யூதர் பகுதியில் குறைந்த கட்டணத்தில் கண் நோய்களைக் குணமாக்கினார். 1905 இல் பிரான்சின் பூலோன் நகரில் முதல் உலக மாநாடு கூடியது. பல நாட்டினர் மொழிபெயர்ப்பாளர் இன்றி ஒருவரோடொருவர் உரையாடியது கண்டு அவர் உள்ளம் பூரித்தது. ஆனால் மறு ஆண்டே, அவர் பிறந்த பியாலிஸ்டாக்கில் யூதர்கள் கொலையுண்டனர். அத்துயரை அவர் ஜெனீவா மாநாட்டில் எடுத்துரைத்தார். 1914 இல் பாரிசில் கூடவிருந்த மாநாட்டை உலகப் போர் குலைத்தது. போர் முடியுமுன், 1917 ஏப்ரல் 14 அன்று அவர் கண் மூடினார். இரண்டாம் உலகப் போரில் அவருடைய மூன்று மக்களும் நாஜிகளின் கைகளில் உயிரிழந்தனர்.

அப்படியாயின் அவர் தோற்றாரா? பொதுமொழி ஒன்றே பகையை ஒழித்துவிடாது என்பதை வரலாறு காட்டுகிறது. ஒரே மொழி பேசுவோரும் சண்டையிடக் காண்கிறோம். மலாய்க்குத் துறைமுகங்களும், பின்னர் நாடுகளும் துணை நின்றன. எஸ்பெராண்டோவுக்கு நாடில்லை, படையில்லை. இருந்தும் அதைப் பேசுவோர் இன்றும் உலகெங்கும் உள்ளனர். நல்லெண்ணம் ஒன்றே அதனை நூறாண்டுக்கு மேலாகக் காத்து வருகிறது.

அன்புத் தோழியரே, நாம் புதுமொழி எதையும் படைக்க வேண்டியதில்லை. நம் வகுப்பிலேயே வீட்டில் வேறு மொழி பேசும் தோழி ஒருத்தி இருக்கலாம். அவள் பேச்சைக் கேலி செய்யாது, அவள் மொழியில் நான்கு சொற்களையேனும் கற்றுக்கொள்வோம். அந்நல்ல மருத்துவர் வேண்டியதும் அதுவே.