மொல்சைமின் இயந்திரச் சிற்பி

சமதரையிலே எந்த வண்டியும் ஓடும். கண்டியிலிருந்து ஹந்தானைக்கு ஏறும் வீதியிலே, தேயிலைச் சரிவுகளை வளைத்து வளைத்துச் செல்லும் தோட்டப் பாதையிலே விட்டுப் பார்த்தால்தான் அதன் இயல்பு வெளிப்படும். வலு மிகுந்திருந்தும் பாரம் மிகுந்த வண்டி ஒவ்வொரு முடக்கிலும் தன் உடலோடு தானே மல்லாடும். வலுவிற் குறைந்ததாயினும் இலேசான வண்டி ஆட்டுக்குட்டிபோல் துள்ளி ஏறிவிடும். பெருவலுவா, இலாகவமா என்னும் இவ்வழக்கு மலைநாட்டுச் சாரதிகளுக்குப் புதிதன்று. சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் ஐரோப்பியப் பந்தயக் களத்திலே இதே வழக்கை நடத்தியோர் இருவர். ஒருவர் இங்கிலாந்தின் வால்டர் ஓவன் பென்ட்லி. மற்றவர் எத்தோரே புகாட்டி. பின்னவரின் வாழ்வே இங்கு நாம் சொல்லப் புகுவது.

புகாட்டி 1881 ஆம் ஆண்டு செப்டெம்பர் 15 ஆம் நாள் இத்தாலியின் மிலான் நகரிற் பிறந்தார். தந்தையார் கார்லோ புகாட்டி, விசித்திர வேலைப்பாடமைந்த தளபாடங்கள் செய்து பெயர்பெற்றவர். தம்பி ரெம்பிராந்து, விலங்குகளின் உருவங்களை வெண்கலத்தில் வார்ப்பதில் வல்ல சிற்பி. மூத்தவரும் கலைஞராதல் வேண்டும் என்பதே வீட்டாரின் எண்ணம். தம்பியின் கையிலிருந்த வித்தை தம் கையில் இல்லை எனக் கண்டு அவர் இயந்திரத்தின்பாற் சென்றார் என்பர். எனினும் சிற்பியின் கண் அவரை விட்டு அகன்றதில்லை. இயந்திரத்தின் உட்புறத்தே ஒருவரும் காணாத இடத்தையுங்கூட மெருகிட்டுச் சதுரம் பிடித்து நிறுத்துவது அவர் வழக்கமாயிற்று.

பதின்பருவத்திலேயே மிலானில் ஒரு சைக்கிள் தொழிற்சாலையிற் சேர்ந்து மோட்டார் முச்சக்கர வண்டிகளை ஆக்கினார். 1901 இல் அவர் அமைத்த கார் மிலான் கண்காட்சியிற் பரிசு பெற்றது. அடுத்துச் சில ஆண்டுகள் தே தீத்ரிச், மத்தீஸ், கொலோன் நகரத்து தொய்த்சு எனப் பல கொம்பனிகளுக்கு வண்டி வரைந்து கொடுத்தார். பிறர் சம்பளத்தில் இருந்தபோதே தம் வீட்டு நிலவறையில் தமக்கென ஒரு சிறு வண்டியைக் கட்டிக்கொண்டார். 1909 இன் இறுதியில், அக்காலத்தே ஜேர்மனியின் ஆட்சியிலிருந்த அல்சாஸ் மாகாணத்து மொல்சைம் என்னும் சிற்றூரில், கைவிடப்பட்ட ஒரு சாயத் தொழிற்சாலையை வாடகைக்குப் பெற்றுத் தம் பெயரில் தொழில் தொடங்கினார்.

இரண்டு ஆண்டு கழியுமுன் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. 1911 இல் லெ மான் நகரில் நடந்த பந்தயத்தில் முதலில் வந்தது பத்து லீற்றர் கொள்ளளவுடைய பியற் வண்டி. அதன் பின்னே இரண்டாவதாக வந்தது வெறும் 1.3 லீற்றர் எஞ்சின் பூட்டிய புகாட்டி. ஓட்டியவர் ஏர்ணெஸ்ற் பிரிதரிக். யானைக்குப் பின்னே முயல் ஓடிவந்தது போன்ற அக் காட்சியைக் கண்டோர் நகைத்திருக்கலாம். கணக்கறிந்தவர் நகைத்திரார்.

முதல் உலகப் போர் தொழிலை முடக்கியது. போரின் நடுவே, 1916 இல், தம்பி ரெம்பிராந்து முப்பத்தொரு வயதில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் வார்த்த உருவங்களுள் பின்னங்காலில் எழுந்து நிற்கும் யானை ஒன்று உண்டு. அதை அண்ணன் மறக்கவில்லை. அது மீண்டும் எங்கே தோன்றிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

போருக்குப் பின் அல்சாஸ் பிரான்சுக்கு மீண்டது. 1921 இல் இத்தாலியின் பிரேசியா நகரிற் புகாட்டியின் சிறு வண்டிகள் முதல் நான்கு இடங்களையும் கைப்பற்றின. 1924 இல் லியோன் நகரத்துப் பந்தயத்திற்கு 35 ஆம் இலக்க வகை வந்தது. மோட்டார் வரலாற்றை அறிந்தோர் எல்லாரும் போற்றும் வண்டி இது. இரண்டு லீற்றர், எட்டுச் சிலிண்டர்கள் ஒரே வரிசையில், எடை ஏறத்தாழ 750 கிலோகிராம், வலு ஏறத்தாழ 90 பரிவலு. குதிரை வலுவை நம் பாடநூலார் பரிவலு என்று பெயர்த்தனர். அச்சொல் புகாட்டிக்கு மிகவும் பொருந்தும். அவர் உயர்சாதிப் புரவிகளை வளர்த்தவர். தம் வண்டிகளையும் அவ்வினத்தனவாகவே கருதியவர். வண்டியின் முகப்பும் குதிரை லாடத்தின் வடிவினதே.

அதன் சில்லுகள் தனியே நோக்கத் தக்கன. அக்காலத்து வண்டிகளின் சில்லுகளிற் பெரும்பாலும் கம்பிகளே இருந்தன. புகாட்டி எட்டுத் தட்டையான ஆரங்களுடன் அலுமினியத்திற் சில்லை வார்த்து, பிறேக்கின் உருளையையும் அதனோடு ஒன்றாக இணைத்தார். சில்லைக் கழற்றினால் பிறேக்கும் வெளியே வரும். தேய்வை உடனே பார்த்துக்கொள்ளலாம். முன் அச்சை உள்ளே வெறுமையாக அடித்து, வில்லுத்தகடுகள் அதனூடே புகுந்து செல்ல வழி வைத்தார். எடையும் குறைந்தது, அழகும் கூடிற்று. ஹந்தானைத் தேயிலை நூதனசாலையிலே பழைய எஞ்சின்களைப் பார்த்தவர்கள், அக்காலத்து இரும்பு வேலை எத்துணைப் பருமன் உடையது என்பதை அறிவர். அந்தக் காலத்திலே இத்தகைய மென்மை வியத்தற்குரியது.

லியோனில் வெற்றி கிட்டவில்லை. ரயர்கள் பிளந்து புகாட்டி வண்டிகள் பின்தங்கின. அல்பா ரோமியோ வென்றது. ஆனால் அடுத்த ஆண்டு முதல் சிசிலித் தீவின் தார்கா புளோரியோ பந்தயம் அவர் கைவசமாயிற்று. ஒரு சுற்று 108 கிலோமீற்றர். மலைமுடக்குகள் நிறைந்த பாதை. 1925 முதல் 1929 வரை ஐந்து ஆண்டும் வென்றவை புகாட்டி வண்டிகளே. இவற்றை அவர் தமக்கென ஒளித்து வைக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. பணம் கொடுக்கவல்ல எவரும் பந்தயத்தில் வென்ற வண்டியை ஒத்த வண்டியை மொல்சைமில் வாங்கித் தாமே பந்தயத்தில் விடலாம்.

இனிப் பென்ட்லியைப் பார்ப்போம். இரயில் எஞ்சின் தொழிற்சாலையிற் பயின்ற அவர், எதையும் கனமாகவும் உறுதியாகவும் செய்தார். வாங்குவோருக்கு ஐந்தாண்டு உத்தரவாதம் கொடுத்தார். லெ மான் இருபத்துநான்கு மணிப் பந்தயத்தை 1924 இலும், பின்னர் 1927 முதல் 1930 வரை தொடர்ந்து நான்கு முறையும் அவர் வண்டிகள் வென்றன. பென்ட்லி செய்வன உலகத்தின் அதிவேக லொறிகள் என்று புகாட்டி எள்ளினார் என ஒரு பேச்சு வழங்குகிறது. எள்ளலில் உண்மை பாதி. பொறாமை எவ்வளவென்று வாசகர் கணிப்பாராக.

இரு கொள்கையும் நேருக்குநேர் நின்றது 1930 இல், பிரான்சின் போ நகரத்துப் பந்தயத்தில். பென்ட்லி வண்டியை ஓட்டியவர் டிம் பேர்க்கின். நாலரை லீற்றர், காற்றூதி பூட்டிய எஞ்சின், ஏறத்தாழ 240 பரிவலு, இரண்டு தொன்னை நெருங்கிய எடை. எதிரே பிலிப் எத்தான்செலின், சொந்தச் செலவில் வாங்கிய இரண்டு லீற்றர் புகாட்டியோடு நின்றார்; வலு பென்ட்லியின் பாதியளவு. நேர்ப்பாதையிற் பென்ட்லி இடிமுழக்கம் போல் விரைந்தது. வளைவுகளிற் புகாட்டி மீட்டுக்கொண்டது. எத்தான்செலின் முதலாவது, பேர்க்கின் இரண்டாவது. சிறு வண்டிகள் பல நிறைந்த களத்தில் அம் மலைபோன்ற வண்டி இரண்டாவதாக வந்ததே வியப்பு என்பாரும் உளர். அதுவும் பொய்யன்று.

காற்றூதி என்னும் உறுப்பை இரு பெரியாரும் வெறுத்தனர் என்பது ஒரு வேடிக்கை. பென்ட்லியின் விருப்பத்துக்கு மாறாகவே பேர்க்கின் அதனைப் பூட்டினார். புகாட்டியும் அது முறையற்ற உதவி என்று நெடுநாள் ஒதுக்கி, 1926 அளவிலேதான் இணங்கினார்.

எவ்வண்டி விலைக்குத் தகுந்தது என்று கேட்டால், அடியேன் கருத்து இது: முடக்குகள் நிறைந்த பாதையில் இரண்டு மணி நேரம் ஓட்டப் புகாட்டி, ஐந்தாண்டு வைத்து ஆளப் பென்ட்லி. புகாட்டியின் வண்டி குளிர்ந்த காலையில் எளிதில் எழும்பாது. கைதேர்ந்த மெக்கானிக் ஒருவரை அருகே வைத்திருத்தல் வேண்டும். பிற கொம்பனிகள் எண்ணெய் அழுத்த பிறேக்குக்கு மாறிய பின்னரும், 1938 வரை அவர் கம்பி பிறேக்கையே பற்றி நின்றார். தாம் கண்டதே முடிவு என்னும் செருக்கு அவருக்கு இருந்தது. ஆயினும் முற்றாகக் கண்மூடியவரல்லர். 1929 இல் லியோன் துரே என்னும் அமெரிக்கர் கொண்டுவந்த இரண்டு மில்லர் வண்டிகளைத் தம் வண்டிகள் மூன்றைக் கொடுத்து மாற்றிக்கொண்டு, அவற்றின் எஞ்சினைப் பிரித்துப் பயின்றார். அப்பாடத்தின் பயன் 51 ஆம் இலக்க வகை. 1931 இல் மொனாக்கோவில் லூயி ஷிரோன் அதில் வென்றார்.

செருக்கின் உச்சம் றோயல் என்னும் 41 ஆம் இலக்கம். அரசர்கள் ஏறத்தக்க வண்டியெனக் கருதி வரைந்தது. 12.7 லீற்றர் எஞ்சின். நீளம் ஆறு மீற்றருக்கு மேல். எடை மூன்று தொன் அளவு. முகப்பின் உச்சியிலே நின்றது, ரெம்பிராந்தின் யானை. இலாகவத்தைப் போதித்தவர் இறுதியில் லொறியினும் பெரிதொன்றைக் கட்டினார்! உலகப் பொருளாதார மந்தம் சூழ்ந்த வேளை. எந்த அரசரும் வாங்கவில்லை. கட்டியவை ஆறு, விற்றவை மூன்று. வாங்கியோருள் ஒருவர் ஆடை வணிகர். இரவில் ஓட்டுவதில்லை என்று முன்விளக்குகள் இல்லாமலே செய்வித்தார். மற்றொருவர் ஜேர்மானிய வைத்தியர். அவருடைய வண்டி பின்னாளில் நியூயோர்க்கில் ஒரு பழைய இரும்புக் கிடங்கிற் கிடந்து மீட்கப்பட்டு, டியர்போர்ன் நகரத்து ஹென்றி போர்ட் நூதனசாலையை அடைந்தது. மற்றொரு றோயல் 1987 இல் இலண்டன் ஏலத்தில் 55 இலட்சம் பவுணுக்கு விலைபோயிற்று.

தேங்கிய எஞ்சின்களை வீணாக்காமல் புகாட்டி இருப்புப் பாதைக்குத் திருப்பினார். 1933 முதல் பிரான்சில் ஓடிய புகாட்டி இரயில் வண்டிகளை இயக்கியவை அவையே. எண்பதுக்கு மேற்பட்ட வண்டிகள் கட்டப்பட்டன. றோயல் இழந்த பணத்தில் ஒரு பங்கை அவை மீட்டன.

பென்ட்லியின் கொம்பனி 1931 இல் முறிந்து றோல்ஸ்-றோய்சின் கைக்குப் போயிற்று. புகாட்டிக்கு வந்த அடி வேறு வகையானது. 1936 இல் மொல்சைம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தம்மைத் தந்தையெனக் கருதியிருந்தவர்கள் தம்மை எதிர்த்து நின்றதை அவரால் தாங்கமுடியவில்லை. பொறுப்பை மகன் ஜீன் கையில் விட்டுப் பாரிஸ் சென்றுவிட்டார். ஜீன் தந்தையினும் இனிய வடிவங்களை வரைந்தவர். 57 ஆம் இலக்க வகையின் எழில் அவருடையது. 1937 இலும் 1939 இலும் புகாட்டி லெ மானை வென்றது. 1939 ஒகஸ்ட் 11 ஆம் நாள், அவ்வாண்டு வென்ற அதே வண்டியை ஜீன் மொல்சைமுக்கு அருகே இரவிற் சோதித்து ஓட்டினார். பாதையில் ஒரு சைக்கிள்காரர் எதிர்ப்பட்டார். அவரைத் தப்புவிக்க வண்டியைத் திருப்பி மரத்தில் மோதினார். வயது முப்பது. மூன்று வாரத்தில் இரண்டாம் உலகப் போர் மூண்டது.

ஜேர்மானியர் நெருக்குதலால் தொழிற்சாலையை அவர்களுக்கு விற்கவேண்டி வந்தது. போர் முடிந்ததும், பகைவருக்கு விற்ற சொத்து என்று பிரெஞ்சு அரசு அதைப் பறிமுதல் செய்தது. முதுமையில் நீதிமன்றப் படி ஏறி வழக்காடினார். 1947 இற் சொத்து அவருக்கே என்று தீர்ப்பாயிற்று. அப்போது அவர் நோயுற்று அறிவு மங்கிக் கிடந்தார். அவ்வாண்டு ஒகஸ்ட் 21 ஆம் நாள் பாரிசில் உயிர் பிரிந்தது. மொல்சைமை அடுத்த டொர்லிசைமில், மகன் ஜீனும் துயிலும் குடும்பக் கல்லறையில் அவரை அடக்கம் செய்தனர்.

பென்ட்லி 1971 வரை வாழ்ந்தார். அவர் பெயரையும் புகாட்டியின் பெயரையும் 1998 ஆம் ஆண்டு வாங்கியது ஒரே கொம்பனி, ஜேர்மனியின் வோல்க்ஸ்வாகன்.