போட்டியாளரே வழிகாட்டி ஆனார்!

எட்வர்டு விம்பர் 1840-ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தவர். மரக்கட்டையில் படம் செதுக்குவது அவரது தொழில். ஆல்ப்ஸ் மலைக் காட்சிகளை வரையச் சென்றவர், மலை ஏறுவதிலேயே மோகம் கொண்டுவிட்டார்.

மாட்டர்ஹார்ன் சிகரத்தில் முதலில் கால் வைப்பது யார்? அவருக்கும் இத்தாலிய வழிகாட்டி ழான் அந்துவான் கரெலுக்கும் கடும் போட்டி. 1865 ஜூலை 14 அன்று விம்பர் வென்றார். சற்றுக் கீழே வந்துகொண்டிருந்த கரெல் மனமுடைந்து திரும்பினார். 3 நாட்களில் மறுபக்கமாக ஏறி, அவரும் சிகரத்தைத் தொட்டார்.

விம்பரின் வெற்றியோ துயரமாக முடிந்தது. இறங்கும்போது கயிறு அறுந்து, உடன் வந்த 4 பேர் மாண்டனர்.

பிறகு விம்பரின் பார்வை தென் அமெரிக்காவுக்குச் சென்றது. ஈக்வடார் நாட்டில் இருக்கிறது சிம்பொராசோ எரிமலை. உயரம் சுமார் 20 ஆயிரத்து 500 அடி! வழிகாட்டியாக அவர் யாரை அழைத்துச் சென்றார் தெரியுமா? அதே கரெலைத்தான்! லூயி கரெல் என்பவரும் உடன் சென்றார்.

16 ஆயிரம் அடிக்கு மேல் கூடாரம் அடித்ததும் மூவருக்கும் மூச்சுத் திணறியது. தலைவலியும் காய்ச்சலும் வாட்டின. தேறி எழுந்து, 1880 ஜனவரி 4 அன்று, ஆளைப் புதைக்கும் பனியில் தவழ்ந்து உச்சியை அடைந்தார்கள். மனிதர் அங்கே ஏறியது அதுவே முதல் முறை.

சிலர் சந்தேகம் கிளப்பினர். ஜூலையில் ஈக்வடார்காரர் இருவரையும் சேர்த்துக்கொண்டு மீண்டும் ஏறிக் காட்டினார் விம்பர்.

1890-ல் மாட்டர்ஹார்னில் புயலில் சிக்கிய கரெல், தம்முடன் வந்தவர்களைப் பத்திரமாக இறக்கிவிட்டு, களைப்பால் உயிர் துறந்தார். விம்பர் 1911-ல் காலமானார்.

ஒருவரை ஒருவர் முந்தத் துடித்தவர்கள் அவர்கள். ஆனால் சிம்பொராசோவில் இருவர் உயிரும் ஒரே கயிற்றில் இருந்தது!