வீட்டை விட்டு வீடு பெற்றவர்

அறம், பொருள், இன்பம், வீடு. தமிழ்ப்பள்ளியில் இந்நான்கையும் மனனம் செய்தபோது, 'வீடு' என்றதும் குளுவாங் தோட்டத்திலிருந்த எங்கள் வீடுதான் என் நினைவுக்கு வந்தது. அது மோட்சத்தைக் குறிக்கும் என்று ஆசிரியர் விளக்கினார், எனக்குப் புரியவில்லை.

சென்ற ஆண்டு பாட்டி இறந்தபோது நான் தேர்வு மண்டபத்தில் இருந்தேன். முகம் பார்க்கவும் கிடைக்கவில்லை. பாட்டி மோட்சம் அடைந்துவிட்டார் என்று உறவினர்கள் ஆறுதல் கூறினர். மோட்சம் என்றால் என்ன? அக்கேள்வியோடுதான் ரமண மகரிஷியின் வாழ்க்கையைப் படித்தேன்.

1879 டிசம்பர் 30-இல் திருச்சுழியில் சுந்தரம் ஐயர், அழகம்மாள் தம்பதியருக்குப் பிறந்தவர் வேங்கடராமன். 12 வயதில் தந்தையை இழந்து, மதுரையில் சிற்றப்பா வீட்டில் வளர்ந்தார். 1896 ஜூலையில், 16 வயதில், திடீரென்று மரண பயம் அவரைப் பற்றியது. அவர் ஓடவில்லை. பிணம்போல் படுத்து, சாவது யார் என்று தம்மையே வினவினார். உடல்தான் சாகிறது, 'நான்' சாகவில்லை எனத் தெளிந்தார். பயம் அன்றோடு போயிற்று.

அதே ஆண்டு ஆகஸ்டு 29-இல் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். அண்ணனின் கல்லூரிக் கட்டணம் ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைக் கடிதத்தோடு வைத்துவிட்டுச் சென்றார். செப்டம்பர் 1-இல் திருவண்ணாமலை அடைந்தவர், இறுதிவரை அவ்வூரை நீங்கவில்லை.

1898-இல் தாய் தேடி வந்து அழுதார். மகன் வாய் திறக்கவில்லை. விதித்ததே நடக்கும் என்ற பொருளில் தாளில் எழுதிக் கொடுத்தார். தாய் வெறுங்கையோடு திரும்பினார். இவ்விடத்தில் எனக்குக் கோபமே வந்தது. துறவு என்பது கல்மனமா?

பதில் பின்னால் இருந்தது. 1916-இல் தாய் மகனுடனேயே வாழ வந்துவிட்டார். 1922 மே 19, தாயின் இறுதி நாள். காலை முதல் இரவு வரை மகன் அருகிலிருந்து அகலவில்லை. ஒரு கையைத் தாயின் நெஞ்சிலும் மற்றொன்றைத் தலையிலும் வைத்தபடியே இருந்தார். தாய் முக்தி அடைந்தார் என்று அவர் கருதியதால், உடலை எரியூட்டாமல் மலையடிவாரத்தில் சமாதி வைத்தனர். அதைச் சுற்றியே ரமணாசிரமம் வளர்ந்தது. 1950 ஏப்ரல் 14-இல் மகரிஷியும் அங்கேயே உடல் நீத்தார்.

'விடு' என்பதிலிருந்து வந்ததே 'வீடு'. அவர் விட்டது தாயை அன்று. 'நான்', 'எனது' என்னும் பிடியை. மோட்சம் இறந்தபின் போகும் ஊரும் அன்று. 16 வயதில், உயிரோடிருக்கும்போதே அவருக்குக் கிட்டியது.

நண்பர்களே, அந்நிலை எனக்கு வெகுதூரம். ஆனால் அந்த இரண்டு கைகளை மறக்க முடியவில்லை. இந்த விடுமுறைக்கு அம்மாவிடம் போகிறேன்.