விண்ணளந்த பாதிரியார்

மேதை ஒருவர் தாமே படைத்துத் தாமே எறிந்துவிட்ட ஒன்றை, மற்றொருவர் எடுத்துக் காத்த வரலாறு இது. காத்தவர் பெயர் ஜார்ஜ் லெமேத்தர்.

பெல்ஜிய நாட்டுச் சார்லெருவா நகரில் 1894-ஆம் ஆண்டு பிறந்தார். முதல் உலகப்போரில் பீரங்கிப் படையில் பணியாற்றினார். போருக்குப்பின் கணிதமும் இறையியலும் கற்று, 1923-இல் கத்தோலிக்கப் பாதிரியாரானார். அவ்வாண்டே கேம்பிரிட்ஜ் சென்று எடிங்டனிடம் வானநூல் பயின்றார்.

பேரண்டம் அசையாது நிற்கிறது என்பதே அந்நாளைய எண்ணம். ஆனால், ஈர்ப்பு அதைச் சுருங்கச் செய்துவிடுமே! அதைத் தடுக்க ஐன்ஸ்டீன் 1917-இல் தம் சமன்பாட்டில் விலக்கும் தன்மையுள்ள ஓர் உறுப்பைச் சேர்த்தார். அதுவே அண்டவியல் மாறிலி.

பேரண்டம் விரிகிறது என்று 1927-இல் லெமேத்தர் கணக்கிட்டுக் காட்டினார். அவரைப் பிரஸ்ஸல்ஸில் சந்தித்த ஐன்ஸ்டீன் கணக்கை ஒப்பினார், கருத்தை ஒப்பவில்லை. விண்மீன் திரள்கள் விலகிச் செல்வது உறுதிப்பட்டபின் அதையும் ஏற்றார். 1931-இல் மாறிலியை வேண்டாமென்று தள்ளிவிட்டார்.

லெமேத்தர் தள்ளவில்லை. அன்றைய அளவைகளின்படி பேரண்டத்தின் வயது ஏறத்தாழ 200 கோடி ஆண்டே. பூமியின் வயதுக்கே அது போதுமா? தாயினும் மகள் மூத்தவளாவதுண்டோ? மாறிலி இருப்பின், விரிவு நடுவே தயங்கிப் பின் மீண்டும் விரைவுறும். அத்தயக்கத்தில் வேண்டிய காலம் கிடைக்கும். 1934-இல் அவர் இன்னும் ஒருபடி சென்று, மாறிலி என்பது வெற்றிடத்தின் ஆற்றலே என்று பொருள் கண்டார்.

தொலைவுகள் திருத்தப்பட்டதும் வயதுச் சிக்கல் தானே தீர்ந்தது. அவர் சொன்ன காரணம் வீழ்ந்தது. ஆயினும் மாறிலி வீழவில்லை. 1966-இல் அவர் மறைந்தார். பேரண்டத்தின் விரிவு விரைவுற்று வருவதை 1998-இல் அறிஞர் கண்டனர்.

மாறிலி என்று பெயர் பெற்றதே மாறுமானால்? வலுத்துக்கொண்டே போனால், விண்மீன் திரள்களும் ஒருநாள் பிய்ந்து சிதறலாம். தளர்ந்தால், விரிவின் வேகம் தணியும். தளர்ந்து தளர்ந்து ஈர்ப்பாகவே திரும்பினால், அனைத்தும் மீண்டும் சுருங்கலாம். அரிசோனாவின் கிட் பீக் மலையிலுள்ள டெசி என்னும் கருவி, 2024, 2025 ஆண்டுகளில் தளர்ச்சிக்கான குறிப்புகளைத் தந்தது. ஆயினும் அது இன்னும் உறுதியான முடிவன்று. வெறும் எண்ணாக இருந்ததை ஆற்றலாகக் கண்டவர் லெமேத்தர். அதனாலன்றோ இக்கேள்விக்கே இன்று பொருள் உண்டாயிற்று!

மாணவத் தோழர்களே! பெரியவர் ஒருவர் தள்ளினார் என்பதற்காக அவர் தள்ளவில்லை; பெரியவர் ஒருவர் படைத்தார் என்பதற்காக ஏற்கவும் இல்லை. கணக்கைத் தாமே போட்டுப் பார்த்தார். நாமும் போட்டுப் பார்ப்போம்.