இருட்டறைகளைப் படம்பிடித்த ஜேக்கப் ரீஸ்

19ஆம் நூற்றாண்டு நியூயார்க் சேரிகளைப் பற்றி இன்று பரவலாக அறியப்பட்டுள்ள காட்சிகள் பலவும், அந்நகருக்குப் பிழைப்புத் தேடிச் சென்ற ஒருவர் விட்டுச்சென்ற புகைப்படங்களே. அவர் டென்மார்க் நாட்டில் பிறந்த பத்திரிகையாளர் ஜேக்கப் ரீஸ். அவரது படங்கள் சட்டங்கள் மாற உதவின. ஆனால், அப்படங்களில் இருந்தவர்களின் வாழ்வு எந்த அளவுக்கு மாறியது என்பது தனியே ஆராயத்தக்க கேள்வி.

தெருவில் தொடங்கிய வாழ்வு

ரீபெ என்ற சிற்றூரில் 1849ஆம் ஆண்டு ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்த ரீஸ், தச்சுத் தொழில் பயின்றார். 1870ஆம் ஆண்டு அமெரிக்கா சென்ற அவருக்கு நிலையான வேலை கிடைக்கவில்லை. வீடற்றோருக்காகக் காவல் நிலையங்களில் ஒதுக்கப்பட்டிருந்த அறைகளில் இரவைக் கழிக்கும் நிலையும் அவருக்கு ஏற்பட்டது. அங்கு தமது பொருள் திருடப்பட்டதையும், அதை முறையிட்டபோது தம்மை வெளியேற்றிய காவலர் தமது நாயை அடித்துக் கொன்றதையும் அவர் பின்னாளில் தன்வரலாற்றில் பதிவு செய்தார்.

1877ஆம் ஆண்டு 'நியூயார்க் டிரிபியூன்' நாளிதழின் காவல்துறைச் செய்தியாளரானார். அவரது அலுவலகம் மல்பெரி தெருவில் அமைந்திருந்தது. அருகிலேயே, காற்றும் வெளிச்சமும் புகாத வாடகைக் கட்டடங்களில், குடியேறிய குடும்பங்கள் ஓர் அறைக்குப் பலர் என நெருக்கியடித்து வாழ்ந்தன. இதைப் பற்றி அவர் தொடர்ந்து எழுதியும் பெரிய பலன் ஏற்படவில்லை.

மின்னல் பொடியின் வருகை

இருட்டிலும் படம்பிடிக்க உதவும் மெக்னீசியப் பொடி ஜெர்மனியில் உருவாக்கப்பட்ட செய்தியை 1887இல் ரீஸ் அறிந்தார். முதலில் பொழுதுபோக்குப் புகைப்படக்காரர்கள் சிலரின் துணையுடனும், பின்னர் தாமே கருவி வாங்கியும் நள்ளிரவில் அவ்வீடுகளுக்குள் சென்றார். உறங்குவோர் கண்விழிப்பதற்குள் பொடி வெடித்து, படம் பதிவானது. ஒரு வீட்டில் தவறுதலாகத் தீப்பற்றவும் செய்தது.

1890ஆம் ஆண்டு இப்படங்களுடன் வெளியான அவரது முதல் நூல் பெரும் அதிர்வை ஏற்படுத்தியது. 1895இல் காவல்துறை ஆணையர் குழுவின் தலைவரான தியடோர் ரூஸ்வெல்ட் அவரது நண்பரானார். அடுத்த ஆண்டே காவல் நிலையத் தங்குமிடங்கள் மூடப்பட்டன. மல்பெரி வளைவு எனப்பட்ட சேரி இடிக்கப்பட்டு, 1897இல் அங்கு பூங்கா திறக்கப்பட்டது. புதிய குடியிருப்புகளில் ஒவ்வோர் அறைக்கும் சாளரம் வேண்டும் என்பதை 1901ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது.

விமர்சனங்கள்

எனினும், இடிக்கப்பட்ட வீடுகளில் வாழ்ந்தோருக்கு அரசு மாற்று வீடு கட்டித் தரவில்லை. நகரின் முதல் பொதுக் குடியிருப்புத் திட்டமே 1935ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. வீட்டு உரிமையாளர்களின் பேராசையைக் கடுமையாகச் சாடிய ரீஸ், இத்தாலியர், யூதர், குறிப்பாகச் சீனர் குறித்து இழிவான பொதுமைப்படுத்தல்களையும் எழுதினார். தாமும் குடியேறியவர் என்பது அவரை அக்கால இனப் பாகுபாட்டிலிருந்து விடுவிக்கவில்லை.

அவர் படம்பிடித்தவர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் பதிவாகவில்லை. அனுமதி கேட்கும் வழக்கமும் அப்போது அரிது. அவர்களது வறுமை நகரின் மனசாட்சிக்குச் சான்றாகப் பயன்பட்டது. அவர்கள் தரப்பைச் சொல்ல அவர்களுக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை.

ரீஸ் 1914ஆம் ஆண்டு காலமானார். அதன் பின் மறக்கப்பட்ட அவரது கண்ணாடித் தகடுகளைப் புகைப்படக் கலைஞர் அலெக்சாண்டர் ஆலண்ட் தேடிக் கண்டறிய, 1947இல் நியூயார்க் நகர அருங்காட்சியகத்தில் அவற்றின் கண்காட்சி நடைபெற்றது. சேரியை அகற்றுவதும் அங்கு வாழ்வோருக்கு வீடளிப்பதும் ஒன்றல்ல என்ற பாடத்தை, சட்டமாக மாறிய அப்படங்களின் வரலாறு உணர்த்துகிறது. குடியேறியோரால் வளரும் எல்லா நகரங்களுக்கும் அது பொருந்தும்.