கைக்கு வந்த படிகம்... விடை கிடைக்க 34 வருடம்! யார் இந்த டோரத்தி ஹாட்ஜ்கின்?

சர்க்கரைப் பாகைச் சூடாக்கி, நூலைத் தொங்கவிட்டு, அசைக்காமல் வைத்தால் கற்கண்டு வளரும். புரதத்தையும் இப்படி வளர்த்துவிட முடியுமா? முடியும். ஆனால், அவ்வளவு ஈஸி கிடையாது. அந்தக் கஷ்டத்தோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர்தான் டோரத்தி ஹாட்ஜ்கின்.

1910-ல் கெய்ரோவில் பிறந்த ஆங்கிலேயர். 10 வயதிலேயே படிகாரம், மயில்துத்தக் கரைசல்களில் படிகம் வளர்த்துப் பார்த்த குழந்தை. ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியல் முடித்ததும், கேம்பிரிட்ஜில் பெர்னல் என்ற இயற்பியலாளரின் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

ஏன் படிகம் வேண்டும்?

ஒரு மூலக்கூறு எப்படி இருக்கிறது என்று சாதாரண மைக்ரோஸ்கோப்பில் பார்க்க முடியாது. அதே மூலக்கூறு கோடிக்கணக்கில் ஒரே சீராக அடுக்கி நின்றால், அதன்மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சலாம். கதிர்கள் சிதறி, ஃபிலிமில் புள்ளிகளாக விழும். அந்தப் புள்ளிகளை வைத்து, எந்த அணு எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடலாம். அந்தச் சீரான அடுக்குதான் படிகம்.

புரதம் அப்படி லேசில் அடுக்கி நிற்காது. பெரிய உருவம், நெகிழும் உடம்பு. கரைசலில் உப்பு, அமிலத்தன்மை, வெப்பநிலை எது கொஞ்சம் பிசகினாலும் பால் திரிந்த மாதிரி கட்டி கட்டியாகிவிடும். அவசரப்படுத்தினால் காரியம் கெட்டுவிடும்.

காய்ந்தால் போச்சு!

1934-ல் ஸ்வீடனின் உப்சாலாவிலிருந்து பெர்னலுக்கு ஒரு குழாய் வந்தது. உள்ளே பெப்சின் என்ற செரிமானப் புரதத்தின் படிகங்கள். அவற்றை வளர்த்தவர், கரைசலை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் பனிச்சறுக்கு விளையாடப் போய்விட்டாராம். யாரும் தொந்தரவு செய்யாததால் பெரிய படிகங்கள்!

வெளியே எடுத்து எக்ஸ் கதிரில் வைத்தால் தெளிவான புள்ளிகள் வரவில்லை. காரணத்தை பெர்னல் கண்டுபிடித்தார். புரதப் படிகத்தில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். காய்ந்தால் உள்ளே அடுக்கு சரிந்துவிடும். வளர்ந்த கரைசலோடு சேர்த்தே மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்தார். புள்ளிகள் வந்தன. அந்த ஆய்வை அவரும் டோரத்தியும் சேர்ந்து வெளியிட்டார்கள்.

அதே காலகட்டத்தில்தான் டோரத்திக்கு முடக்குவாதம் என்று தெரியவந்தது. வயது 24. நுண்ணிய படிகங்களைக் கையாள வேண்டிய விரல்கள் வீங்கி, பின்னாளில் வளைந்தே போயின. வேலையை மட்டும் அவர் விடவில்லை.

இது புரதமா, வெறும் உப்பா?

ஆக்ஸ்ஃபோர்டு திரும்பியவருக்கு 10 மில்லிகிராம் இன்சுலின் கிடைத்தது. துத்தநாகம் சேர்த்தால் இன்சுலின் நல்ல படிகமாகும் என்பது அப்போதுதான் தெரியவந்திருந்தது. அந்த வழியில் வளர்த்து, 1935-ல் எக்ஸ் கதிர்ப் படமும் எடுத்துவிட்டார்.

அன்று ராத்திரி முழுக்க சந்தோஷம். விடிந்ததும் சந்தேகம். தான் படம் எடுத்தது புரதம்தானா, இல்லை கரைசலில் இருந்த ஏதோ உப்பா? நைட்ரிக் அமிலம் பட்டால் புரதம் மஞ்சளாகும். ஒரு படிகத்தை எடுத்துச் சோதித்தார். மஞ்சளானது! உப்பைப் புரதம் என்று நம்பி ஏமாறும் ஆபத்து, இன்றைக்கும் இந்தத் துறையில் இருக்கிறது.

அப்புறம் ஏன் இத்தனை வருடம்?

ஃபிலிமில் விழும் புள்ளிகள் பாதிக் கதையைத்தான் சொல்லும். மீதியைப் பிடிக்க, படிகத்துக்குள் கனமான உலோக அணுக்களை நுழைத்து, புள்ளிகள் எப்படி மாறுகின்றன என்று பார்க்க வேண்டும். ஆனால், அவை நுழையும்போது படிகம் கெடக் கூடாது, அடுக்கும் மாறக் கூடாது. இன்சுலினில் இதுதான் பெரிய தலைவலி.

கணக்கும் லேசுப்பட்டதல்ல. இடையில் அவர் விடை கண்ட பெனிசிலினில் 41 அணுக்கள், வைட்டமின் பி12-ல் 181. இவற்றுக்காக 1964-ல் வேதியியல் நோபல் பரிசும் வந்தது. இன்சுலினில் கிட்டத்தட்ட 800! கம்ப்யூட்டர்கள் வளரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1969-ல் விடை கிடைத்தது. படிகத்தில் ஆறு இன்சுலின் மூலக்கூறுகள், இரண்டு துத்தநாக அணுக்களைச் சுற்றிக் கைகோத்து நின்றன. அந்தக் குழுவில் இந்தியரான எம்.விஜயனும் இருந்தார். பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் இந்தத் துறையை வளர்த்தெடுத்தவர் அவர்.

ஆறும் ஒட்டி நின்றால் ரத்தத்தில் கலக்கத் தாமதமாகும். எங்கே ஒட்டுகிறது என்று தெரிந்தது, ஒட்டாமல் வேகமாக வேலை செய்யும் இன்சுலினை வடிவமைக்கக் கைகொடுத்தது. சாப்பாட்டுக்குச் சற்று முன்பு போடும் ஊசிக்குப் பின்னால் இந்தக் கதையும் இருக்கிறது.

இன்று என்ன நிலை?

1994-ல் டோரத்தி மறைந்தார். இன்று ரோபோக்கள் நூற்றுக்கணக்கான துளிகளில் விதவிதமான கரைசல்களைச் சோதிக்கின்றன. புரதத்தின் வடிவத்தை ஏஐ கணிக்கிறது. அதற்கு 2024-ல் நோபலும் கிடைத்தது. ஆனால், அந்த ஏஐ பாடம் படித்தது எதை வைத்து? பல ஆயிரம் ஆய்வாளர்கள் பெரும்பாலும் படிகம் வளர்த்துச் சேர்த்துவைத்த வடிவங்களை வைத்துத்தான்.