வித்தியாசாகரர் ஏற்ற பதவியும் துறந்த பதவியும்

திறமையுள்ள உபாத்தியாயர் ஒருவரை நிர்வாக உத்தியோகத்துக்கு அழைக்கும்போது அவருடைய மனம் இருபுறமும் இழுபடுவது இயல்பே. வகுப்பை விட்டுச் சென்றால் மாணாக்கரை இழக்க நேருமே என்ற வருத்தம் ஒருபுறம்; செல்லாவிட்டால், பாடம் சொல்லியறியாத ஒருவர் அந்த ஆசனத்தில் அமர்ந்து பள்ளிக்கூடத்தை ஆள்வாரே என்ற கவலை மற்றொருபுறம். இத்தகைய தர்மசங்கடத்தில் இருப்போர் வங்காளத்துப் பண்டித ஈசுவரசந்திர வித்தியாசாகரரின் சரித்திரத்தை ஊன்றிப் படிக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். விதவா விவாகத்தை அனுமதித்த 1856-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பாடுபட்டவர் என்றே நம்மவர் அவரைப் பெரும்பாலும் அறிவர். அவர் கல்வி நிர்வாகியாக நடத்திய போராட்டம் அத்துணைப் பிரசித்தமாகவில்லை.

1820-ஆம் வருஷம் செப்டம்பர் 26-ந் தேதி வீரசிங்கம் என்ற கிராமத்தில் ஓர் ஏழைப் பிராமணக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தகப்பனார் தாகூர்தாஸ் கல்கத்தாவில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். அவருடன் சிறுவயதிலேயே கல்கத்தாவுக்கு நடந்து சென்று, 1829-இல் ஸம்ஸ்கிருத கலாசாலையில் சேர்ந்தார். வித்தியாசாகரர் என்ற பட்டம் அங்கே பெற்றதாகும். 1841-இல் படிப்பு முடிந்ததும், கம்பெனியின் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களுக்குத் தேச பாஷைகளைக் கற்பித்து வந்த வில்லியம் கோட்டைக் கலாசாலையில் மாதம் ரூ. 50 சம்பளத்தில் தலைமைப் பண்டிதரானார்.

1846-இல் தாம் படித்த ஸம்ஸ்கிருத கலாசாலைக்கே உதவிக் காரியதரிசியாக அவர் நியமனம் பெற்றார். போதனா முறையைத் திருத்தத் திட்டம் வகுத்துக் கொடுத்தார். மேலேயிருந்த காரியதரிசி அதற்கு இடங்கொடுக்கவில்லை. மறு வருஷமே வித்தியாசாகரர் ராஜிநாமாச் செய்துவிட்டார். சாப்பாட்டுக்கு என்ன செய்வாரென்று கேட்டவர்களுக்கு, காய்கறி விற்றேனும் பிழைத்துக்கொள்வதாக அவர் விடை அனுப்பியதாகச் சொல்வர். பெயருக்கு அதிகாரமும் காரியத்தில் கட்டுப்பாடுமாக இருந்த உத்தியோகத்தை அவர் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை.

1850-ஆம் வருஷக் கடைசியில் அதே கலாசாலை அவரை இலக்கியப் பேராசிரியராகத் திரும்ப அழைத்தது. இம்முறை அவர் எச்சரிக்கையாக இருந்தார். கலாசாலை எப்படி நடைபெற வேண்டும் என்பதை விவரமாக எழுதிக் கல்விச் சபையாரிடம் முதலிலேயே சமர்ப்பித்தார். சபையார் அதனை ஒப்பிக் காரியதரிசி, உதவிக் காரியதரிசி ஸ்தானங்களை எடுத்துவிட்டு, பிரின்ஸிபால் என்ற ஒரே ஸ்தானத்தை ஏற்படுத்தி, 1851 ஜனவரியில் அவரையே நியமித்தார்கள். திட்டம் முன்னும் பதவி பின்னுமாக வந்ததை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

அதிகாரம் கைக்கு வந்ததும் அவர் செய்த காரியங்கள் யாவும் வகுப்பறையில் கண்ட குறைகளுக்குப் பரிகாரங்களே. விளங்காத வியாகரணத்தை உருப்போட்டு மாணாக்கர் வருஷக்கணக்கில் காலங்கழிப்பதைக் கண்டிருந்தார்; வங்காளி பாஷையிலேயே ஸம்ஸ்கிருத இலக்கணத்துக்கு எளிய நூல் எழுதினார். திதிகளை அனுசரித்து விட்டுவந்த விடுமுறையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார். இங்கிலீஷ் போதனையைப் பலப்படுத்தினார். பிராமணரும் வைத்தியருமே படித்துவந்த அக்கலாசாலையை 1851-இல் காயஸ்தருக்கும், 1854-இல் மரியாதையுள்ளவை என அக்காலத்தார் கருதிய மற்ற ஹிந்து ஜாதியாருக்கும் திறந்துவிட்டார். அதற்கு அப்பால் அக்கதவு திறக்கவில்லை. அந்தக் குறையை மறைத்துப் புகழ்வது அவருக்கு மரியாதை செய்வதாகாது.

1853-இல் காசி ஸம்ஸ்கிருத கலாசாலையின் தலைவர் பாலண்டைன் துரை வந்து பார்வையிட்டுச் சில புஸ்தகங்களைப் பாடமாக வைக்கும்படி சிபார்சு செய்தார். வித்தியாசாகரர் அதனை ஏற்கவில்லை. தமது மாணாக்கருக்கு எது பயன்படும் என்பதைத் தீர்மானிக்கும் சுதந்திரம் தமக்கு இருக்க வேண்டும் என்று கல்விச் சபையாருக்குக் காரணங்களுடன் எழுதினார். மேலிடத்தின் மனங்கோணாமல் நடப்பதே நிர்வாகம் என்று எண்ணுவோர் இதனைச் சிந்திப்பார்களாக.

1855-இல் பிரின்ஸிபால் பதவியோடு பாடசாலைகளின் விசேஷ இன்ஸ்பெக்டர் வேலையும் அவரிடம் வந்தது. ஹூக்ளி, பர்துவான், நதியா, மேதினிபுரி ஆகிய 4 ஜில்லாக்களில் ஜில்லாவுக்கு 5 வீதம் 20 மாதிரிப் பாடசாலைகளை அவர் ஸ்தாபித்தார். தாய்மொழியில் போதிக்க வல்ல உபாத்தியாயர்களைத் தயாரிக்க ஒரு போதனாமுறைப் பாடசாலையையும் நிறுவி, அக்ஷய குமார தத்தரை அதன் தலைமையாசிரியராக்கினார். வங்காளக் குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்கும் வர்ணபரிசயம் என்ற சிறு புஸ்தகம் வெளிவந்ததும் அவ்வருஷமே. பள்ளிகளைப் பார்வையிடப் பல்லக்கில் போகும்போதே அதனை எழுதினார் என்பது செவிவழிச் செய்தி. எப்படியாயினும், இன்ஸ்பெக்டரான பிறகும் அவருக்குள்ளிருந்த உபாத்தியாயர் ஓய்ந்துவிடவில்லை.

பிறகு வந்தது சோதனை. 1857 நவம்பர் முதல் 1858 மே வரை 7 மாதங்களுக்குள் 35 பெண் பாடசாலைகளை அவர் கிராமங்களில் திறந்தார். சுமார் 1,300 பெண்கள் படிக்க வந்தனர். லெப்டினெண்ட் கவர்னர் ஹாலிடே வாய்மொழியாகக் காட்டிய ஆதரவை நம்பியே அவர் இதில் இறங்கினார். ஆனால் 1857-ஆம் வருஷக் கிளர்ச்சியால் பொக்கிஷம் வறண்டதென்று கூறிச் சர்க்கார் நிரந்தர உதவித்தொகை மறுத்துவிட்டது. உபாத்தியாயர்களுக்குச் சம்பளப் பாக்கி நின்றது. கல்வி இலாகா டைரக்டரான கார்டன் யங் துரையுடனும் ஓயாத பிணக்கு. தமது கையால் இனி நன்மை நடவாது என்று கண்டதும், 1858 ஆகஸ்டில் மாதம் ரூ. 500 சம்பளமுள்ள உத்தியோகத்தைத் துறந்து ராஜிநாமா எழுதினார்; நவம்பரில் வெளியேறினார். பெண் பாடசாலைகளில் சிலவற்றையேனும் காப்பாற்ற நண்பர்களிடம் நிதி திரட்டினார்.

உத்தியோகம் போனதோடு அவருடைய கல்வித் தொண்டு போகவில்லை. கல்கத்தாவில் 1859-இல் தோன்றிய தனியார் பள்ளிக்கூடமொன்றின் பொறுப்பை ஏற்று, 1864 முதல் மெட்ரோபாலிடன் ஸ்தாபனம் என்ற பெயரால் அதனை நடத்தினார். 1872-இல் அது கலாசாலையாயிற்று. வெள்ளைக்காரப் பேராசிரியர் இல்லாமல் இங்கிலீஷ் உயர்கல்வி கொடுக்க முடியாது என்று எண்ணியிருந்த காலம் அது. முழுவதும் இந்தியரைக் கொண்டே அவர் அதனை நடத்திக் காட்டினார். 1879-இல் பி.ஏ. வகுப்பு நடத்தும் உரிமையும் கிடைத்தது. சுயராஜ்ய கோஷம் எழுவதற்கு வெகுகாலம் முன்பே கல்வியில் சுயராஜ்யத்தை நிலைநாட்டிய செயலென்று இதனை நாம் போற்றுகிறோம். 1891 ஜூலை 29-ந் தேதி அவர் காலஞ்சென்றார். அந்த ஸ்தாபனம் இன்று வித்தியாசாகர் கல்லூரி என்று அவர் பெயராலேயே விளங்குகிறது.

நிர்வாகத்துக்குப் போவதா வேண்டாமா என்று தயங்கும் உபாத்தியாயருக்கு நாம் கூற விரும்புவது இதுவே. போகலாம், போகத்தான் வேண்டும். வகுப்பறையை அறிந்தவர்கள் ஒதுங்கி நின்றால் அறியாதவர்கள் ஆள்வார்கள். ஆனால் போகுமுன், செய்யப்போவது இன்னதென்று தெளிவாக எழுதிக் கேட்டு, அதற்கு வேண்டிய அதிகாரத்தையும் பெற்றுக்கொள்ள வேண்டும். போன பின், பாடம் சொன்ன நாட்களை மறக்கலாகாது. அந்த ஆசனத்திலிருந்து குழந்தைகளுக்கு ஒரு நன்மையும் செய்ய இயலாத நாள் வந்தால், சம்பளத்தை எண்ணிக்கொண்டிராமல் எழுந்துவிடும் தைரியமும் வேண்டும். வித்தியாசாகரர் இருமுறை அவ்வாறு எழுந்தார். இருமுறையும் கல்விக்கு லாபமே அன்றி நஷ்டமில்லை.